தலைவரின் கடைவாய்ப்பல்

வறுத்த மல்லாட்டையோடு ஒரு கல்லையும் சேர்த்துக் கடித்ததில், வேர்க்கடலை மண்டி முதலாளி சக்கரபாணியின் மேல் கடைவாய்ப்பல் பிளந்துவிட்டது. மல்லாட்டை வியாபாரிகளின் தலைவரையே மல்லாட்டை கவிழ்த்துவிட்டது என்று ஊர் சிரிக்குமே! துண்டால் கன்னத்தை மூடிக்கொண்டு பல் டாக்டர் வேதாவிடம் போனார்.

“பாப்பா, இதப் புடுங்கிடு. நம்ம மாடியில குடியிருக்கிற வெள்ளைக்காரருக்கு எலும்புல திருகி வச்சிருக்காங்களே, அந்த மாதிரி பல்லு ஒண்ணு வச்சுடு.”

“திருகுப் பல்லு நம்ம பக்கம் இன்னும் வரலைங்க. புடுங்கறதுக்கே முதல்ல எக்ஸ்ரே எடுக்கணும்” என்றாள் மெட்ராஸில் படித்துவிட்டு வந்திருந்த வேதா. “மேல் பல்லுக்கு மேல, கன்னத்து எலும்புக்குள்ள, மூக்கோட சேர்ந்த காத்து அறை ஒண்ணு இருக்குங்க. சிலருக்கு உசரத்துலயே நின்னுடும். சிலருக்குப் பல்லு வேர் வரைக்கும் இறங்கியிருக்கும். பாக்காம இழுத்தா ஓட்டை விழுந்துடும்.”

“இந்த ஊர்ல என் மூஞ்சியத் தெரியாதவன் எவன்? அதைப் படம் புடிச்சுத்தான் பாக்கணுமா?” என்று எழுந்துவிட்டார் சக்கரபாணி.

பேருந்து நிலையத்தருகே பல் பிடுங்கும் தருமனிடம் அந்தத் தொல்லை இல்லை. பிடுங்கிய பற்களை மாலையாகக் கோத்து வாசலில் தொங்கவிட்டிருந்தான்; அவன் படிப்புக்கு அதுவே சான்றிதழ். “தலைவர் பல்லுன்னா சும்மாவா! யானைத் தந்தமாட்டம் இருக்குது!” என்றான். புகழ்ச்சியைக் கேட்டால் சக்கரபாணியின் வாய் தானாகத் திறந்துகொள்ளும். பல் வந்துவிட்டது.

மறுநாள் மார்கழி முதல் தேதி. தெரு பஜனையைச் சங்கூதித் தொடங்குவது அவர் குடும்பத்து உரிமை. மார்பை விரித்து, சங்கை உதட்டில் வைத்து ஊதினார். சங்கு சும்மா இருந்தது. மூக்குதான் ‘புஸ்’ என்றது. இன்னும் பலமாக ஊதினார். மூக்கும் இன்னும் பலமாக ‘புஸ்’ஸியது.

“அண்ணே, சங்கு கொஞ்சம் கீழ இருக்குது” என்றார் பலராமன். பல வருஷமாக அந்தச் சங்கின் மேலேயே கண் வைத்திருந்தவர். ஜால்ரா தட்ட வேண்டியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று பலராமன் ஊத, தெருவே அதிர்ந்தது.

வீட்டில் குடித்த காபியும் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. “தலைவர் உத்தரவு, உள்ள போன்னு சொல்லிப் பாருங்களேன்” என்றாள் மனைவி ஆதிலட்சுமி. சொல்லிவிட்டு, அவரை இழுத்துக்கொண்டு வேதாவிடமே போனாள்.

வேதா படத்தை வெளிச்சத்தில் காட்டினாள். “பாருங்க, உங்களுக்கு அந்த அறை ரொம்ப ஜாஸ்தியா இறங்கியிருக்கு. பல்லோட சேர்ந்து தளமும் பேந்துடுச்சு. ஈறை இழுத்து மூடித் தையல் போட்டுடறேன். ஆறற வரைக்கும் சங்கு ஊதக் கூடாது, மூக்கு சிந்தக் கூடாது.”

“அப்ப திருகுப் பல்லு?”

“நாளைக்கே வந்தாலும் திருக எலும்பு வேணுமில்லீங்களா? அங்க அப்பளம் கனம்தான் இருக்கு.”

“வியாபாரிங்க கூட்டத்துலயாவது பேசலாமா?”

“கொஞ்ச நாளைக்கு வேணாங்க.”

இந்தத் தகவல் பரவியதும் வியாபாரிகள் மனதார வேதாவை வாழ்த்தினார்கள்.

மாசி மகத்தன்று சக்கரபாணி மறுபடி சங்கெடுத்தார். மூக்கு வாயை மூடிக்கொண்டது; சங்கு முழங்கியது. முதலில் கைதட்டியவர் பலராமன்தான். தட்டிய கையோடு கன்னத்தையும் பிடித்துக்கொண்டார்.

“மேல் பல்லு ஆடுதுண்ணே. தருமன்கிட்ட ஒரு இழுப்பு...”

“யோவ்!” சக்கரபாணி அவர் கையைப் பற்றினார். “வெளிய எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் உள்ள எப்படி இருக்குன்னு படம் எடுத்தாதான் தெரியும். ஆளுக்கு ஆள் உள்கட்டு வேற. படிச்சவங்க பாக்காம எவனையும் வாயில கை வைக்க விடாத. என் மூக்கே சாட்சி. வா, டாக்டரம்மாகிட்ட போவோம்.”

பாப்பா டாக்டரம்மா ஆகிவிட்டதைக் கவனித்த ஆதிலட்சுமி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சக்கரபாணியும் சிரித்துக்கொண்டே அடுத்த முழக்கத்துக்குச் சங்கைப் பலராமனிடமே நீட்டினார்.