சுரங்கப்பாதையில் தண்ணீர்

“இந்த வயரை யாரு பிடுங்கினது?”

கூடத்தில் கிடத்தப்பட்டிருந்த கணவரின் தலைமாட்டிலிருந்து எழுந்து உள்ளறைக்கு வந்தவள், நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். ஜன்னலோரத்தில் இரவும் பகலும் இரைந்துகொண்டிருந்த கணினி வாயடைத்துக் கிடந்தது. இணைய இணைப்புப் பெட்டியின் விளக்குகளும் அணைந்திருந்தன. அவற்றின் வயர் செருகியிருந்த இடத்தில் கொழுந்தனின் கைப்பேசி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

“நான்தான் அண்ணி. எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி சார்ஜே போயிடுச்சு. அண்ணனே போயிட்டாரு, இனிமே இந்தப் பெட்டி யாருக்கு?”

“செத்தது உங்க அண்ணன். சுரங்கப்பாதை சாகல. வெளிய கொட்டுற மழை கண்ணுக்குத் தெரியலையா?”

தெருக்கோடியில், ரயில் தண்டவாளத்துக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதை, மழை வந்தால் குளமாகிவிடும். ஜன்னலில் கேமராவைக் கட்டி, அதன் படத்தை வீட்டு இணைப்பிலிருந்தே ஓர் இணையப் பக்கமாக ஊருக்குக் காட்டிவந்தார் கணவர். அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டிக்காரர்கள் கிளம்புவார்கள். கொழுந்தன் மட்டும், “அண்ணன் சாக்கடைக்கு டிவி வெச்சிருக்காரு” என்று சிரிப்பான்.

மகள் கைப்பேசியுடன் வந்தாள்.

“அம்மா, அமரர் ஊர்தி டிரைவர். சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம் நிக்கிறாராம். தண்ணி எவ்வளவுன்னு பார்க்கிற பக்கம் திறக்கலையாம். அது நம்ம வீட்டுதுன்னு அவருக்குத் தெரியல.”

அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

“இறங்க வேண்டாம்னு சொல்லு. இந்த டிரைவருக்காவது கேக்க நாம இருக்கோம். மத்தவங்க இறங்கிடுவாங்க.”

கொழுந்தன் அவசரமாக வயரைச் செருகினான். விளக்குகள் எரிந்தன.

“அவ்வளவுதானே அண்ணி? வந்துடுச்சு.”

“எது வந்துடுச்சு? பிடுங்க மட்டும் தெரியுது! நம்பர் மாறியிருக்கும். தள்ளுங்க தம்பி.”

அந்த இணைப்பு அணைந்து எழும்போதெல்லாம் புதிய இணைய முகவரி எண்ணோடுதான் எழும். அதைப் பதிவு செய்யும்வரை பக்கம் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறையும் கைப்பேசியில் தெரியும் எண்ணை அவள் வாசிப்பாள். அவர் திருப்பிச் சொல்லிக்கொண்டே தட்டுவார்.

மகளின் கைப்பேசியை வாங்கிக்கொண்டு அவருடைய நாற்காலியில் அமர்ந்தாள். உரக்க வாசித்தாள்.

“நூத்திமூணு.”

விரல்கள் விசைகளின்மேல் அசையாமல் நின்றன. கூடத்தில் யாரோ இருமினார்கள். கொழுந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“பேசாதீங்க.”

பிறகு அவளே தட்டினாள். அடுத்த எண்ணையும் உரக்க வாசித்து, நிறுத்தி, தட்டினாள்.

படம் வந்தது. மழை; கறுத்த தண்ணீர்; அக்கரையில், விளக்கை எரியவிட்டபடி காத்து நிற்கும் ஒரு வெள்ளை வண்டி.