தாயின் எண்

"மறுபடியும் அழறான் பாரு. உன்கிட்ட பால் இருந்தா அவன் ஏன் இப்படிக் கத்தறான்?" மாமியார் புட்டியைக் குலுக்கிக்கொண்டே கேட்டாள்.

மருமகள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள். குழந்தை பிறந்து பதினெட்டு நாள். இடது மார்பு கல்லாக இறுகிக் கிடந்தது; துணி உரசினாலே உயிர் போயிற்று. இரண்டு நாளாகக் காய்ச்சல் வேறு. "பால் கெட்டுப்போச்சு, குடுக்காதே" என்று மாமியார் முந்தாநாளே தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவனின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான், துண்டித்தான்.

"யாருங்க?"

"ஏதோ விளம்பரம்."

அது விளம்பரம் இல்லை; சுகாதார நிலையத்து நர்ஸ். பிள்ளை பெற்றவர்களைப் போனில் கூப்பிட்டு, பால் கொடுப்பதில் சிக்கல் இருந்தால் வழி சொல்வது அவள் வேலை. பிரசவத்தன்று அவள் எண் கேட்டபோது கணவன் தன்னுடையதைத்தான் சொன்னான். மனைவிக்கு ஏது போன்? கல்யாணத்துக்கு முன் வைத்திருந்ததை, "வீட்ல இருக்கறவளுக்கு எதுக்கு?" என்று வாங்கி நாத்தனாரிடம் கொடுத்தாயிற்று. இத்தனைக்கும் அவன் செல்போன் பழுது பார்க்கும் கடைக்காரன்.

நர்ஸின் முதல் அழைப்பு அவன் கடையில் இருந்தபோது வந்தது. கையில் வேலை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான். "குழந்தை மார்ல நல்லா வாய் வைக்குதாங்க?" என்று அவள் கேட்க, நின்றிருந்த நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். பக்கத்துக் கடைக்காரன் அன்று முழுக்க அவனைப் "பால்காரரே" என்றே கூப்பிட்டான். அதோடு சரி. அதற்குப் பிறகு அவன் நர்ஸின் அழைப்பை எடுக்கவில்லை. செய்தி வந்தால் படிக்காமல் அழித்தான். இந்தக் கதை எதுவும் மனைவிக்குத் தெரியாது.

சாப்பாட்டு நடுவே அவன் போனைத் துண்டித்த அன்றே, மதியம் துணி காயப்போடப் போன மனைவி வாசலிலேயே சுருண்டு விழுந்தாள். எதிர்வீட்டுத் தையல்கார அக்கா ஓடி வந்து தாங்கிப் பிடித்து, குழந்தையையும் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாள். கணவன் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே வந்தான்.

நர்ஸ் தொட்டுப் பார்த்துப் பதறினாள். "ஏம்மா இவ்வளவு முத்தவிட்டே? ஒன்பது தடவை கூப்பிட்டேனே!"

"என்னையா?"

நர்ஸ் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். ஒன்பது தேதிகள், கணவனின் எண். மனைவி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"பால் கெடலைம்மா, கட்டிக்கிச்சு. நிறுத்தாம குடுத்திருக்கணும்," என்றாள் நர்ஸ். டாக்டர் மருந்து எழுதினார். ஆனால் குழந்தை மார்பை வாயில் வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது. அதுவரை அழாதவள் அப்போதுதான் உடைந்து அழுதாள்.

"புட்டி பழகிடுச்சு. மாத்தலாம், ஆனா நாளாகும். நான் தினம் கூப்பிட்டுச் சொல்றேன். இதே நம்பர்தானே?"

"ஆமா," என்றான் கணவன்.

"இல்ல," என்றாள் அவள். "இந்த அக்கா நம்பரை எழுதிக்குங்க."

"அடுத்த வீட்டு நம்பரையா? நம்ம மானம் என்னத்துக்கு ஆகறது?"

"மானத்தைப் பாத்துப் பாத்துத்தான் என் பிள்ளை என்னையே வேண்டாங்குது."

தையல்கார அக்கா ஒவ்வொரு இலக்கமாக, நிதானமாக, சத்தமாகச் சொன்னாள்.

மறுநாளிலிருந்து காலை பத்து மணிக்கு எதிர்வீட்டில் தையல் இயந்திரம் நிற்கும். "ஏ பொண்ணே, உன் நர்ஸம்மா!" என்ற குரல் தெருவுக்கே கேட்கும். மாமியார் முணுமுணுக்க முணுமுணுக்க, அவள் குழந்தையோடு தெருவைக் கடந்து போய், வெட்டுத் துணிகளுக்கு நடுவே உட்காருவாள். அக்காவுக்குக் கொஞ்சம் காது மந்தம். ஸ்பீக்கர் எப்போதும் முழுச் சத்தத்தில்தான். முதலில் பசியாறியும் ஆறாமலும் கால் வயிறு, பிறகு அரை வயிறு என்று குழந்தை மெல்ல மார்புக்குத் திரும்பியது. மீதிக்குப் புட்டிதான்.

ஒருநாள் ரவிக்கை வாங்க வந்த ஏழு மாதக் கர்ப்பிணி, வாங்கிய பிறகும் போகாமல் நின்றாள். பேச்சு முடியும் நேரத்தில் போனருகே குனிந்தாள்.

"நர்ஸம்மா, எங்க வீட்ல போனை என்கிட்ட குடுக்க மாட்டாங்க. எனக்கும் இந்த நம்பரையே எழுதிக்குவீங்களா?"

அந்தத் தெருவில் போன் இல்லாத வீடு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் மாதக் கடைசியில், சுகாதார நிலையத்துப் பதிவேட்டில், நான்கு பெண்களுக்கு நேரே தையல்கார அக்காவின் எண்தான் இருந்தது.