நிற்காத கால்கள்

காலை ஆறரைக்குக் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தபோது பொன்மணி வெளியே வரவில்லை. இரண்டாவது தடவை அடித்ததும் அதே வேனுக்காக நின்ற பக்கத்து வீட்டுச் சின்னத்தாய்தான் உள்ளே போய்ப் பார்த்தாள். பொன்மணி பாயில் மல்லாந்து கிடந்தாள். உதடு நாவற்பழம் தின்றது போலக் கறுத்திருந்தது. மூச்சு வந்தது. ஆனால் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் சின்னத்தாய் அவள் பெயரை இரண்டு தடவை சொல்லிக் கூப்பிட முடிந்தது. தலைமாட்டில் கேப்ஸ்யூல் அட்டைகள் கிடந்தன, எல்லாம் காலி. வேனில் இருந்த பெண்களை இறக்கிவிட்டு அதிலேயே அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள்.

ஊசி போட்ட பிறகு மத்தியானம்போல அவள் கண் விழித்தாள். விசாரிக்க வந்த போலீஸ்காரர் வீட்டில் சண்டையா என்று கேட்டார். "சாகணும்னு திங்கல சார். வலி நிக்கல. எத்தன தின்னேன்னு நெனப்பில்ல" என்றாள். அது பொய்யில்லை.

இரண்டு வருடம் முன்பு, 2006இல், அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கலவை அறை வெடித்தது. பக்கத்து அறையில் இருந்த பொன்மணிக்கு இடது கையும் தோளும் வெந்துபோயின. கலவை அறைக்குள் இருந்தவர் சின்னத்தாயின் கணவர் ஊர்க்காவலன். அவர் திரும்பவில்லை. நாலு மாதத்தில் பொன்மணியின் புண் ஆறிவிட்டது. வலிக்குக் கொடுத்த கேப்ஸ்யூலை அவளால் விட முடியவில்லை. தின்ற அரை மணி நேரத்தில் தோளில் யாரோ ஈரத்துணி போர்த்தியது போல இருக்கும். அன்றைக்குக் கேட்ட சத்தமும் எங்கோ தூரத்துக்குப் போய்விடும். முதலில் இரண்டு, பிறகு நாலு. வேறு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்த பிறகு, வேனில் ஏறும் முன் ஒரு தடவை, சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை. மெயின் ரோட்டு மருந்துக் கடையில் யாரும் டாக்டர் சீட்டுக் கேட்கவில்லை. பல நாள் அவளுடைய கணவன் முனியராஜே வாங்கி வந்தான்.

ஒரேயடியாக நிறுத்த முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், ஆனால் மாத்திரை வேறொருவர் கையில் இருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. எல்லோரும் முனியராஜைப் பார்த்தார்கள். அச்சகத்தில் வேலை பார்க்கும் அவன், மை படிந்த விரல்களைக் கைலியில் துடைத்தான்.

"என்னால ஆகாது டாக்டரம்மா. அவ அளுது கேட்டா குடுத்துருவேன். இம்புட்டு நாளும் அதத்தானே செஞ்சேன்."

 சின்னத்தாய் கையை நீட்டி டாக்டரம்மாவிடமிருந்து அட்டையை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள்.

அன்றிலிருந்து திருத்தங்கலில் அந்தத் தெருவே அவர்கள் இருவரையும் வேடிக்கை பார்த்தது. வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்த பொன்மணிக்கு ஓயாமல் கொட்டாவி வந்தது, மூக்கு ஒழுகியது, வெயிலில் உடம்பு புல்லரித்தது. எல்லாவற்றையும்விடக் கால்கள்தான் பெரிய பாடு. எலும்புக்குள் எறும்பு ஊர்ந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்லும், படுத்தால் உதைக்கும். நடந்தால் மட்டும் கொஞ்சம் அடங்கும். சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் சின்னத்தாய் தூக்குவாளியை வாசலில் வைத்துவிட்டு, "வாட்டி, நடப்போம்" என்பாள். தண்டவாளம் வரை போவார்கள், திரும்புவார்கள், மறுபடியும் போவார்கள். சின்னத்தாய் அதிகம் பேச மாட்டாள்.

ஒன்பதாம் நாள் பொன்மணி நடுரோட்டில் நின்றுவிட்டாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு குடுங்க. நாளைக்குள்ளத இன்னைக்கே குடுத்துருங்க."

"முடியாது."

"ஒங்களுக்கென்ன, ஒங்க வீட்டுக்காரரு ஒரேயடியாப் போய்ச் சேந்துட்டாரு. அன்னைக்கே முடிஞ்சிபோச்சு. நாந்தான தெனமும் வெந்துக்கிட்டுக் கெடக்கேன்!"

சின்னத்தாய் அவளை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டாள். தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் வந்து கேப்ஸ்யூலைக் கொடுத்தாள். விழுங்கும் வரை நின்று, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, அப்படியே வேனேறிப் போனாள். சாயங்காலம் ஐந்தரைக்கு வேன் வந்தது. சின்னத்தாய் அதிலிருந்து இறங்கவில்லை. ஆறு மணி வரை பொன்மணி வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். பிறகு தனியாகக் கிளம்பினாள்.

மெயின் ரோட்டுக்கு எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. மருந்துக் கடைக்காரர் அவளைப் பார்த்ததுமே, எதுவும் கேட்காமல், பின்னால் திரும்பி அலமாரியில் கை வைத்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கால்கள் நின்றிருந்தன. பத்து நாளில் முதல் தடவையாக எறும்பு ஊரவில்லை, உதறலில்லை. தனக்குச் சொந்தமில்லாத கால்கள் போல, அங்கேயே இருந்துவிடப் போகிறவை போல நின்றன. கடை வாசலுக்கு வந்ததற்கே அடங்கிவிட்ட கால்களைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"எத்தன அட்டம்மா?"

அவள் திரும்பி நடந்தாள். ஓடினாள் என்றே சொல்ல வேண்டும். ரயில்வே கேட்டில்தான் நின்றாள். கேட் போட்டிருந்தது. லோடு லாரி, டவுன் பஸ், பைக்குகள் வரிசையாக நின்றன. பின்னாலிருந்து யாரோ அவள் முழங்கையைப் பிடித்தார்கள். சின்னத்தாய். மூச்சு வாங்கியது. கை முழுக்கப் பட்டாசு மருந்தின் அலுமினியப் பவுடர் மினுங்கியது.

"சீசன் ஆர்டருன்னு கூடுதல் வேலைக்கு நிப்பாட்டிட்டாக. வீட்டுல பாத்தா ஒன்னக் காணல." பிடித்த முழங்கையை அவள் விடவில்லை. "அவுக ஒரேயடியாப் போகலட்டி. மூணு நா கெடந்தாக. ஒனக்கு அடுத்த வார்டுதான். ஒனக்கு அப்ப நெனவு கெடையாது. எனக்கும் எங்கன உக்காரன்னு தெரியல. அவுக கட்டிலுக்கும் ஒங்கட்டிலுக்குமா நடந்துக்கிட்டே இருந்தேன்."

பொன்மணிக்கு அப்படியே தரையில் உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. கால்கள் விடவில்லை. மறுபடியும் எறும்பு ஊரத் தொடங்கியிருந்தது. அவள் கேட்டுக் கம்பத்தை ஒட்டி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடந்தாள், திரும்பினாள், நடந்தாள். லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். பஸ் ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். சின்னத்தாயும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளோடு நடந்தாள்.

ரயில் கடந்து போயிற்று. கேட் உயர்ந்தது. எல்லா வண்டிகளும் ஒரே சமயத்தில் உறுமி, ஹாரன் அடித்து, புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பின. அந்தப் புகைக்கும் புழுதிக்கும் நடுவில் இரண்டு பெண்கள், தண்டவாளத்தைத் தாண்டாமல், சாலையோரமாகவே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்கள்.