பின்போட்ட அரையிறுதி

ஞானசித்திக் கல்லூரியின் பழைய மாணவர் அணியில், ஞானசித்திக் கல்லூரியைக் கண்ணால் கண்ட ஒருவரும் ஆடுவதில்லை. ஆடுகிறவர்கள் எல்லாரும் மகன்மார். டென்மார்க்கில் பிறந்து, தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்லுகிற பிள்ளைகள். தகப்பன் படித்த கல்லூரிக்குத்தான் மகன் ஆடலாம், தாய் படித்த பள்ளிக்கூடம் செல்லாது என்பது போட்டிச் சட்டம். அந்தச் சட்டத்தை எழுதியவர்களும் தகப்பன்மார்தான்.

ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை கிரின்ஸ்டெட் மைதானத்தில் உதைபந்தாட்டப் போட்டி. யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் வடக்குப் பிரிவு. திருகோணமலை, மட்டக்களப்புக் கல்லூரிகள் கிழக்குப் பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் முன்னுக்கு வருகிற இரண்டு அணிகள் மற்றப் பிரிவோடு அரையிறுதியில் மோத வேண்டும். ஆட்டம் ஒரு நாள். வாக்குவாதம் வருடம் முழுக்க. எந்தப் பிரிவு பலமானது, யார் யாரை வென்று மேலே வந்தது, யாருக்குச் சப்பை ஆட்டங்கள் விழுந்தன என்று கலியாண வீட்டிலும் கதைப்பார்கள், கோயில் வாசலிலும் கதைப்பார்கள். இதில் வெட்கப்படுகிற ஆட்கள் நாங்கள் இல்லை.

வடக்கில் கடைசியாக வருகிற அணியைக் கிழக்கில் விட்டால் முதலாவதாக வரும் என்பது நவரத்தினத்தின் கொள்கை. அவர்தான் ஞானசித்தி அணிக்குப் பொறுப்பு. அப்படியென்றால் போன வருட இறுதியாட்டத்தில் மூன்று கோல் வாங்கியது யார் என்று கோணேசன் கேட்பார். அவர் திருகோணமலைப் பக்கத்து புனித இசிதோர் கல்லூரி அணிக்குப் பொறுப்பு. அது நடுவர் செய்த வேலை என்பார் நவரத்தினம். இருவருக்கும் ஒரே தொழிற்சாலை, ஒரே ஷிப்ட். பஸ் அரிதாக வருகிற ஊர் என்பதால் ஒரே காரில்தான் வேலைக்குப் போய்வந்தார்கள். காருக்குள் தொடங்குகிற சண்டை வேலை முடிந்து வரும்போதும் முடிந்திராது.

நவரத்தினம் இயல்பிலேயே சந்தேகப்பிராணி. கடையில் வாங்கின அரிசியை வீட்டில் திரும்ப நிறுத்துப் பார்க்கிற மனிதர். போட்டித் தலைவர் தேவராசா யாழ்ப்பாணத்தவர், அவருடைய கல்லூரி ஆடுவதுமில்லை. ஆனாலும் நவரத்தினம் அவரை நம்பவில்லை. தேவராசா பெண் எடுத்தது மட்டக்களப்பில். மனுசிக்குப் பயந்து அட்டவணை போடுகிறவர் என்று நவரத்தினம் பல இடங்களில் சொல்லியிருந்தார். அதைத் தேவராசாவின் மனுசியிடமே ஒருமுறை சொன்னார்.

அந்த வருடம் 2009. மே மாதத்தில் யுத்தம் முடிந்துவிட்டது. போட்டியை நிறுத்துவோம் என்று பாதிப்பேர் சொன்னார்கள். பாட்டு வேண்டாம், வெடி வேண்டாம், தலை குனிந்து நின்றுவிட்டு ஆடுவோம் என்று தேவராசா முடிவெடுத்தார். வீட்டுக்குள் இருந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியவில்லை. அதனால் எந்த வருடமும் இல்லாத கூட்டம் வந்தது.

நவரத்தினத்தின் தம்பி தயாபரன் வன்னிக்குள் இருந்தான். சித்திரை மாதத்தில் யாருடையதோ தொலைபேசியிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் கதைத்தான். பங்கருக்குள் இருக்கிறோம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றவன், வைக்கிறதுக்கு முன்னால், "இந்தமுறை ஆரோட அடிபடுறியள் அண்ணை?" என்று கேட்டான். ஒருகாலத்தில் ஞானசித்திக்குக் கோல் காத்தவன், கேட்காமல் விடுவானா? பிறகு அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மற்ற வீடுகளுக்கு முகாம்களிலிருந்து ஒவ்வொருவராக எடுத்து, உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தன் தம்பியும் எடுப்பான், எடுக்கும்போது நல்ல பதில் ஒன்று சொல்ல வேண்டும் என்று நவரத்தினம் இருந்தார். இரவில் நித்திரை இல்லை. ஆட்ட அட்டவணையைப் பற்றி மட்டும்தான் அவரால் அழாமல் கதைக்க முடிந்தது.

சனிக்கிழமை காலை ஞானசித்தி தன் பிரிவில் எல்லா ஆட்டமும் வென்றது. மத்தியானம் இசிதோரோடு அரையிறுதி. நவரத்தினம் பிள்ளைகளைச் சூடு ஆறவிடாமல் ஓடவைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் தலைநகர்ப் பக்கத்து ஹ்விடோவ்ரேயிலிருந்து மரியரட்ணம் வந்து இறங்கினார். எந்த அணிக்கும் ஆதரவு இல்லாத, பந்தாட்டம் என்றால் என்னவென்றே தெரியாத மனிதர். நேரே போய்த் தேவராசாவையும் கோணேசனையும் கிளப் கட்டடத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். நவரத்தினம் சும்மா போகிறவர் போலப் பின்னால் போனார். அவரைக் கண்டதும் மூன்றுபேரும் கதையை நிறுத்தினார்கள். இண்டைக்குக் காத்துப் பலம் என்றார் தேவராசா. மரியரட்ணம் சப்பாத்தைப் பார்த்தார். கோணேசன் வாய்க்கு வாய் கொடுக்கவே இல்லை, அதுதான் பெரிய சந்தேகம்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஞானசித்தி, இசிதோர் அரையிறுதி பின்னேரத்துக்குப் பின்போடப்படுகிறது.

நவரத்தினத்துக்கு எல்லாம் வெளித்துவிட்டது. இசிதோரின் நல்ல ஆட்டக்காரர்கள் இரண்டுபேர் அன்றைக்குக் காலை வேலை. முடித்துவிட்டுப் பின்னேரம்தான் வந்து சேர முடியும். அவர்கள் வரட்டும், அதுவரைக்கும் வடக்கான் காற்றில் நின்று விறைக்கட்டும். இதுதான் திட்டம். கிழக்குப் பிரிவு ஒவ்வொரு வருடமும் மேலே வருகிற வித்தையும் இதுதான். அன்றைய நடுவரும் ஹ்விடோவ்ரே ஆள், அவரைக் கைக்குள் போட்டுக்கொடுக்க வந்தவர்தான் மரியரட்ணமாக்கும்.

அவர் தேவராசாவிடம் போய்ச் சத்தம் போட்டார். மற்ற நாளென்றால் தேவராசா சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவார். அன்றைக்குத் தலையை ஆட்டினார், ஓம் அண்ணை, பாப்பம் அண்ணை என்றார். குற்றம் உள்ள நெஞ்சு என்று நவரத்தினம் நினைத்தார்.

பிறகு கோணேசன் வந்து, தன் கைத்தொலைபேசியில் சார்ஜ் இல்லை, ஒருக்கால் உங்கடையைத் தாங்கோ என்று வாங்கிக்கொண்டு போனார். திருப்பித் தரவில்லை. கேட்டபோது கதைச்சு முடியேல்லை என்றார். யாரோடு கதைக்கிறார்? வேலைமுடிந்து வருகிற ஆட்டக்காரர்களோடு, என்னுடைய தொலைபேசியிலேயே. நவரத்தினத்துக்கு இரத்தம் கொதித்தது. தம்பி எடுத்தால் என்ன செய்வது என்ற பயமும் கூடவே வந்தது. தம்பி எடுத்து, கோணேசன் குரலைக் கேட்டுக் குழம்பி வைத்துவிட்டால்?

கோணேசனின் மனைவி கமலேஸ்வரி ஒரு கடதாசித் தட்டில் சோறு கொண்டுவந்தாள். "அண்ணை, காலமையிலயிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை. ஒரு வாய் சாப்பிடுங்கோ."

கிழக்கு மாகாணத்துச் சோற்றைத் தின்றுவிட்டுக் கிழக்குப் பிரிவோடு எப்படி அடிபடுகிறது என்று கேட்டு அனுப்பிவிட்டார் நவரத்தினம். அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் தள்ளிப்போய்த் தட்டோடு நின்றாள். பிறகும் வந்தாள், பிறகும் அனுப்பினார். லஞ்சம் கொடுக்கிறதென்றாலும் அதுக்கொரு முறை வேண்டாமா என்று பக்கத்தில் நின்ற தன்னுடைய ஆட்களிடம் சொன்னார். ஞானசித்திக்காரரும் சிரிக்கவில்லை. காலையில் அவரோடு சேர்ந்து கத்தினவர்கள், இப்போது அவர் கண்ணில் படாமல் மூலைக்கு மூலை நின்றார்கள். இவர்களையும் வாங்கிவிட்டார்களா என்று அவருக்கு நெஞ்சு கசந்தது.

இனி இந்த மைதானத்தில் நிற்கிறதில்லை என்று முடிவெடுத்தார். அணியை விலக்குகிறேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுக் காரடிக்கு நடந்தார். கோணேசன் ஓடிவந்து கார்க் கதவில் சாய்ந்து நின்றார்.

"விலத்தும்," என்றார் நவரத்தினம்.

"இன்னும் கொஞ்சம் நில்லுங்கோ அண்ணை."

"ஏன் நிக்கவேணும்? அரையிறுதியை ஆர் பின்னுக்குத் தள்ளினது? அதைமட்டும் சொல்லும், நிக்கிறன்."

கோணேசன் வீதியைப் பார்த்தார். வீதி வெறுமையாகக் கிடந்தது. சுற்றிவரச் சனம் கூடிவிட்டது. ஒரு நாளும் ஒரு கோலைக்கூட ஒத்துக்கொள்ளாத மனிதர், எல்லாருக்கும் முன்னால் நிமிர்ந்து நின்று சொன்னார்.

"நான்தான் தள்ளினனான். என்ர பொடியள் ரெண்டுபேர் வேலையால வரவேணும், அதுக்குத்தான். உங்கட ஆக்கள் களைக்கட்டும் எண்டும் நினைச்சனான். கள்ளம்தான். வடக்குதான் பலமான பிரிவு அண்ணை. நேர்வழியில எங்களால வெல்ல ஏலாது."

நவரத்தினம் இதற்காக எத்தனையோ வருடம் காத்திருந்தவர். அவருடைய முகம் மலர்ந்துபோனது. கேட்டியளா, எல்லாரும் கேட்டியளா என்று சுற்றிவரப் பார்த்தார். ஒருவரும் கைதட்டவில்லை. வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தார். கோணேசன் தோளில் தட்டி, பரவாயில்லை, உண்மையைச் சொல்லிவிட்டீர், பின்னேரமே ஆடுவோம், உம்முடைய ஆட்டக்காரர்கள் எல்லாரும் வரட்டும், அப்படியும் வெல்லுவோம் என்றார். வென்ற மனிதருக்குத் தோற்றவர்மேல் இரக்கம் வருகிறது இயல்புதானே. அவருக்கு அப்போதுதான் பசியும் தெரிந்தது.

கமலேஸ்வரி தட்டை நீட்டினாள். இந்தமுறை வாங்கினார். இருக்கக் கதிரை ஒன்று எங்கிருந்தோ வந்தது. சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும். குழைத்து இரண்டு வாய் வைத்தார். கிழக்கு மாகாணம் பந்தை விட்டுவிட்டுச் சமையலில் பிரிவு வைக்கலாம், முதலிடம் நிச்சயம் என்று பகிடி விட்டார். கமலேஸ்வரி தண்ணீரை அவர் காலடியில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாவது வாயை எடுக்கும்போதுதான் பார்த்தார். மைதானத்தில் ஒருவரும் ஆடவில்லை. ஒருவரும் சாப்பிடவில்லை. தேவராசா, மரியரட்ணம், தன்னுடைய ஞானசித்திக்காரர், இசிதோர்காரர் எல்லாரும் கொஞ்சம் தூரத்தில் வட்டமாக நின்று, அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் சனம் சாவுச் செய்தியை வெறும் வயிற்றுக்குச் சொல்லாது. முதலில் ஆளைப் பிடித்துவைத்துச் சாப்பிட வைக்கும். சொந்தக்காரர் ஒருவர் வந்து சேரும்வரை வாயைக் கட்டிக்கொண்டு நிற்கும். பிறகுதான் சொல்லும். சொன்ன பிறகு யாருக்கும் தொண்டையால் ஒன்றும் இறங்காது என்று அதற்குத் தெரியும். அந்தச் சித்திரையிலும் வைகாசியிலும் நவரத்தினமே எத்தனைபேருக்குப் பக்கத்தில் இருந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சாப்பிடவைத்தார். எத்தனைபேருடைய தொலைபேசியை ஏதோ சாட்டுச் சொல்லி வாங்கிவைத்தார்.

கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அவர் கோணேசனை நிமிர்ந்து பார்த்தார். கோணேசன் தலையைக் குனிந்துகொண்டார். கள்ளன் என்று எல்லாருக்கும் முன்னால் ஒத்துக்கொண்டபோது குனியாத தலை.

"சாப்பிட்டு முடியுங்கோ அண்ணை," என்றார் கோணேசன்.

வீதியால் ஒரு கார் திரும்பி மைதானத்துக்குள் வந்தது. ஓல்போர்க்கில் ஆஸ்பத்திரியில் வேலைசெய்கிற, நவரத்தினத்தின் அக்காவின் கார். அவள் பந்தாட்டம் பார்க்க ஒரு நாளும் வந்ததில்லை. கார் நின்றது, கதவு திறந்தது. அக்கா இறங்கி, ஒரு கையால் கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். அவர் சாப்பிடுவதைக் கண்டு, கிட்ட வராமல் நின்றாள்.

நவரத்தினம் குனிந்து கையிலிருந்த சோற்றை வாயில் வைத்தார். மென்று விழுங்கினார். தட்டில் மிச்சம் இருந்ததையும் வழித்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். தட்டு வெறுமையானதும் வட்டத்தில் நின்றவர்கள் மெதுவாக அசைந்தார்கள். அக்காவும் கதவை விட்டுவிட்டு ஓரடி எடுத்துவைத்தாள்.

நவரத்தினம் தட்டைக் கமலேஸ்வரியிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடு பிள்ளை," என்றார்.

கமலேஸ்வரி போட்டாள்.