முட்டையைச் சுற்றிய நூல்

1

இந்த மர முட்டையை நான் திருடினேன். அதிலிருந்து தொடங்குவதுதான் நேர்மை.

ஏரிக்கரையில் பழைய பட்டாலையை இடித்துக்கொண்டிருந்தார்கள். வேலியோரம் செங்கல் குவியலில் ஒரு தகரப் பெட்டி கிடந்தது. உள்ளே ஒரு குறிப்பேடும் இந்த முட்டையும். பேரிக்காய் மரத்தில் கடைந்தது. நடுத்தர முலாம்பழ அளவு. மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். பள்ளியில் இலக்கியம் கற்பிக்கிறவன் திருடுவான் என்று இந்த ஊரில் யாரும் நினைப்பதில்லை.

வீட்டில் துடைத்தபோது, பருத்த முனைக்கு அருகே ஒரு கோடு தெரிந்தது. முழு வட்டம். தையல் நூல் கனம். அங்கே மட்டும் மரம் வெளிறியிருந்தது. நெடுங்காலம் ஒரு நூல் சுற்றியிருந்த தடம்.

குறிப்பேட்டில் 1924 அக்டோபர் 17, வெள்ளி என்ற தேதிக்குக் கீழே மூன்று வரிகள்:

நூலுடன் 130.
நூல் இல்லாமல் 262.
நூலுடன் 130.

எல்லாம் கிராம். பக்கத்தில் சிறிய எழுத்தில்: ‘நூலை விட்டது எ.’

ஒரு வருடமாக இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். கையில் இருக்கும் ஆதாரம் இவ்வளவுதான், இன்னொரு வரியைத் தவிர. அந்த வரி கடைசியில் வரும். மற்றதை நான் உண்டாக்குகிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘ஆதிநாளிலிருந்தே மனிதன் பறவைகளைப் பார்த்து—’

வேண்டாம்.

இரண்டாம் தொடக்கம்: ‘இன்ஜினியர் ரெஸ்தெல்லி காற்றை நேசித்தார். காற்றோ அவரை—’

காற்று யாரையும் எதுவும் செய்வதில்லை. குறிப்பேட்டை எழுதியவருக்கு நான் சூட்டிய பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிட்டேன்.

மூன்றாவது:

பட்டு நின்றுபோன ஆலையின் நீளமான கூடத்தில் ஒரு குழாய் இருந்தது. மரப் பலகைகளால் ஆனது. ஆள் குனிந்து உள்ளே நடக்கலாம். ஒரு முனையில் பெரிய விசிறி, நடுவில் கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் விமானத்தின் ஏதாவதொரு பகுதியைச் சிறிதாக மரத்தில் செய்து கம்பியில் மாட்டுவார்கள். விசிறியை ஓட்டுவார்கள். காற்று அதை எவ்வளவு பின்னே தள்ளுகிறது என்று தராசில் எடை பார்ப்பார்கள்.

கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்து போய் ஏரியைப் பார்த்துவிட்டு வந்தேன். காற்றுக்கு எடை பார்த்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் கிராமில் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் பட்டு நூற்ற கூடத்தில், காய்கறிக் கடையில் இருப்பது போன்ற எடைக்கற்களை வைத்து.

இந்தத் தொடக்கம் இருக்கட்டும்.

3

‘எ.’ என்பதை எர்சீலியா ஆக்கினேன். வயது முப்பத்தொன்று.

முதல் பிரதியில் அவளுக்குக் கொதிநீரில் வெந்த விரல்களைக் கொடுத்திருந்தேன். ஆலையில் பன்னிரண்டு வருடம் கொதிநீரில் மிதக்கும் பட்டுக்கூடுகளின் நூல்முனையைத் தேடி எடுத்தவள் அல்லவா. பிறகு யோசித்தேன். அந்த விரல்களை நான் பரிதாபத்துக்காக வைத்திருக்கிறேன். எடுத்துவிட்டேன். பதிலாக உரத்த குரலைக் கொடுத்தேன். கொதிகலன்களின் இரைச்சலில் பேசிப் பழகிய குரல்.

ஆலை மூடியபின் ரெஸ்தெல்லி அவளைச் சேர்த்துக்கொண்டார். வேலை இது: மர உருவத்தின் மேல் விரல் நீளப் பட்டு நூல்களை வரிசையாக ஒட்ட வேண்டும். விசிறி ஓடும்போது காற்று போகும் வழியில் நூல்கள் படுக்கும். காற்று பிய்த்துக்கொண்டு விலகும் இடத்தில் அவை நடுங்கும், எதிர்ப்பக்கம் திரும்பும். ரெஸ்தெல்லி அதைப் பார்த்து வரைவார். வரைந்ததும் அவள் எல்லா நூலையும் உரித்துவிட வேண்டும். எடை பார்ப்பது வெறும் மரத்தை மட்டுமே.

(பட்டாலைப் பெண்களின் பழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். வேலை நிறுத்தும் மணி அடித்தால் அவர்கள் கையிலிருக்கும் நூலைத் தொங்கவிட மாட்டார்கள். வெட்டவோ முடிச்சுப் போடவோ மாட்டார்கள். அருகிலிருப்பதைச் சுற்றி ஒரு சுற்று, முனையை அடியில் ஒரு செருகல். அடுத்து வருகிறவள் தடவினால் கிடைக்கும்.)

புதன்கிழமை அவள் நூல்களை உரித்து முடித்தாள். மிச்ச நூல் ஒரு முழம் கையில் இருந்தது. தேவாலயத்தில் நண்பகல் மணி அடித்தது. கை தன் வேலையைச் செய்தது. அருகில் இருந்தது முட்டை.

பேரிக்காய் மரமும் சாயமேற்றாத பட்டும் ஒரே நிறம். பிற்பகலில் ரெஸ்தெல்லி அந்த முட்டையை மாட்டி எடை பார்த்தார். நூற்று முப்பது. இதற்கு முன் கடைந்த முட்டைகளெல்லாம் இருநூற்றறுபதை ஒட்டியே இருந்தன. இதைச் சற்றே நீட்டியிருந்தார். நீட்டியதால் வந்த பலன் என்று நினைத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. மூன்று முறை எடை பார்த்துவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இது வெறும் முட்டையல்ல என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். நீரிலிருந்து எழும்பும் புதிய விமானமொன்றின் எஞ்சினுக்கு ஏற்கெனவே மாட்டிவிட்ட உறையின் மாதிரி இது, பத்தில் ஒரு பங்கு அளவில். அந்த விமானம் ஞாயிறன்று ஏரியிலிருந்து கிளம்பி, நிற்காமல், கடலைத் தாண்டி சார்தீனியாத் தீவில் இறங்க வேண்டும். பெட்ரோல் எவ்வளவு போதும் என்ற கணக்கு அந்த நூற்று முப்பதின் மேல் நின்றது.

ஓட்டப்போகிறவன் நத்தாலே. எர்சீலியாவின் தம்பி.

(தம்பி என்பது என் வேலை. குறிப்பேட்டில் விமானியின் பெயர்கூட இல்லை. யாராவது ஒருவருக்காகவாவது அவள் பயப்பட வேண்டும் என்று எனக்குப் பட்டது.)

4

வெள்ளி காலை அவள் முட்டையைத் துடைக்க எடுத்தாள். விரலில் நூல் தட்டியது.

ரெஸ்தெல்லி மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நத்தாலே ஜன்னல் திண்டில் உட்கார்ந்து ஆறிப்போன சோளக்களித் துண்டைப் பாலாடைக்கட்டியோடு தின்றுகொண்டிருந்தான்.

“ஐயா, இதுல நூல் இருக்கு.”

“எதுல?”

“முட்டைல. புதன்கிழமை நான்தான் சுத்தி விட்டுட்டேன். கை தானா செஞ்சிருச்சு. நீங்க எடை பார்த்தது அதுக்கு அப்புறம்.”

நத்தாலே மென்றுகொண்டே சொன்னான்: “பார்த்து ஐயா. ஒருநாள் உங்களையும் சுத்திச் செருகிட்டு வீட்டுக்குப் போயிருவா.”

“நீ வாயை மூடிக்கிட்டுத் தின்னு.”

“வாயை மூடிக்கிட்டு எப்படிக்கா திங்கறது?”

ரெஸ்தெல்லி முட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். “இது ஒண்ணும் இல்ல, எர்சீலியா. நூல் இருந்தா தடை கூடத்தான் செய்யும். வழுவழுன்னு இருக்கிற இடத்துல ஒரு மேடு. அதுல காத்து முட்டும். குறைய வழியே இல்ல.”

“அப்ப எடுத்துட்டுப் பாருங்க. நூத்து முப்பதுக்கும் கீழ போகணுமில்ல?”

அவர் எழுந்து விசிறியை ஓட்டினார்.

5

நூலுடன் நூற்று முப்பது. எடுத்தார்கள். இருநூற்று அறுபத்திரண்டு.

“தராசு சரியில்ல,” என்றார் ரெஸ்தெல்லி.

“தராசு சரிதான்,” என்றாள் எர்சீலியா. அதே நூலை அதே இடத்தில் சுற்றி, முனையைச் செருகினாள். நூற்று முப்பது.

அடுத்து நடந்ததை ஐந்து முறை எழுதினேன். ‘மூவரும் வாயடைத்து—’ ‘காலம் அங்கே—’ ‘ஏதோ ஒரு சன்னிதியில் நிற்பதுபோல—’ எதுவும் நிற்கவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ரெஸ்தெல்லி முட்டையின் பின்பக்கத்தில் சில நூல்களை ஒட்டச் சொன்னார். முன்னால் சுற்றிய நூல் இல்லாதபோது, பின்பக்க நூல்கள் நடுங்கிக்கொண்டு தாறுமாறாக நின்றன. சுற்றியபின் விசிறியை ஓட்டியதும் அவை ஒவ்வொன்றாகப் படுத்தன. சீவிய தலைமுடிபோல, கடைசி முனை வரைக்கும்.

நத்தாலே திண்டிலிருந்து இறங்கி வந்தான். கையில் களி அப்படியே இருந்தது. மூன்று பேரும் கண்ணாடியில் நெற்றி படும்படி நின்றார்கள். யாரும் விசிறியை நிறுத்தவில்லை.

ஒரு முழப் பட்டு. அதைத் தாண்டிப் போகும் காற்று முழுவதும் மனசு மாறிப் போகிறது.

* ஏன் என்று கேட்பவர்களுக்கு: வழுவழுப்பான மேற்பரப்பில் ஒட்டிப் போகும் மெல்லிய காற்றுக்குத் தெம்பு குறைவு. பருத்த இடம் தாண்டியதும் அது விலகிவிடும். பின்னால் ஒரு சுழல் உண்டாகி முட்டையைப் பிடித்து இழுக்கும். நூல் தடுக்கினால் அந்தக் காற்று கலங்குகிறது. கலங்கிய காற்று பக்கத்துக் காற்றிலிருந்து வேகத்தைக் கடன் வாங்கி இன்னும் தூரம் ஒட்டிக்கொண்டு போகிறது. இதை எனக்கு விளக்கியவர் எங்கள் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர். இரண்டு தடவை விளக்கினார். இரண்டாம் தடவையும் எனக்கு உடல் சிலிர்த்தது.

6

“ஞாயித்துக்கிழமை போறதில்ல,” என்றார் ரெஸ்தெல்லி. “நிஜ எஞ்சின்மேல நூல் கிடையாது. அப்ப இருநூத்தறுபத்திரண்டுதான். முட்டை என்னை ஏமாத்திருச்சு.”

“எந்த எண்ணு ஏமாத்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?” என்றான் நத்தாலே.

“வெறும் மரம்தான் சரி.”

“ஏரி கண்ணாடியா இருக்கிற அன்னைக்கு என்ன செய்வோம், ஐயா? மிதவை தண்ணியில ஒட்டிக்கும். எஞ்சினை எவ்வளவு முடுக்கினாலும் விடாது. அக்கா படகை எடுத்துட்டு முன்னாடி குறுக்கும் நெடுக்கும் போவா. தண்ணி கொஞ்சம் கலங்கும். உடனே விட்டுரும். வழுவழுப்பு பிடிக்கும், சொரசொரப்பு விடும். உங்க முட்டை அதைத்தான் சொல்லுது.”

“அது வேற. இது வேற. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணு இல்ல.”

“உள்ள உக்காந்திருக்கிறவனுக்கு ஒண்ணுதான்.”

எர்சீலியா குறுக்கிட்டாள். “பெட்ரோல் எங்க தீரும்? அதை மட்டும் சொல்லுங்க.”

ரெஸ்தெல்லி காகிதத்தைப் பார்க்கவில்லை. கணக்கு மனத்திலேயே இருந்தது. “நூத்து முப்பது சரின்னா, தீவுல இறங்கின பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மிச்சம் இருக்கும். மத்தது சரின்னா, கரைக்கு எண்பது கிலோமீட்டர் முன்னாடி.”

“கூட ஊத்தினா?”

“எழும்பாது. இதுக்கு மேல கனம் தாங்காது.”

“நீ எதுக்கு நூலைப் பத்திச் சொன்ன?” என்றான் நத்தாலே அக்காவிடம். கோபம் மெதுவாகத்தான் வந்தது. “ரெண்டு வருஷமா இதுக்காகக் காத்துக்கிட்டிருக்கேன். சொல்லாம இருந்திருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேன்.”

“அதுக்குத்தான்டா சொன்னேன்.”

7

எனக்கு விடை தெரியும்.

இதை ஒப்புக்கொள்ளாமல் மேலே எழுத முடியாது. நிஜ உறை பத்து மடங்கு பெரியது, வேகமும் குழாய்க் காற்றைவிடப் பல மடங்கு. அந்த அளவில், அந்த வேகத்தில், நூல் எதுவும் இல்லாமலே காற்று கலங்கிக்கொள்ளும். ஆகவே நூற்று முப்பதுதான் வானத்தின் எண். சுத்தமான முட்டைதான் இத்தனை நாள் ஏமாற்றியது. கை தவறிச் சுற்றிய நூல்தான் சின்னதைப் பெரியதுபோல நடக்கவைத்தது.

இதை அறிந்தவர்கள் அப்போதே வேறு நாடுகளில் இருந்தார்கள். அந்தக் கூடத்தில் இல்லை.

நான் உதவி செய்யப் பார்த்தேன். ‘சனிக்கிழமை தபாலில் ஜெர்மனியிலிருந்து ஒரு கட்டுரை—’ என்று எழுதி, தபால்காரனுக்கு மீசைகூட வைத்தேன். பிறகு நூற்று முப்பதைப் பார்த்து அந்த மூவரும் நின்ற நிலை நினைவுக்கு வந்தது. தபால்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

தவிர, எனக்குத் தெரிந்தது முட்டையைப் பற்றி மட்டும். அந்த எஞ்சின் ஏழு மணி நேரம் ஓடுமா, கடலுக்கு மேல் மேகம் இருந்ததா, எதுவும் தெரியாது.

8

முடிவு, முதல் வகை: திங்களன்று தீவிலிருந்து தந்தி வருகிறது. ‘இறங்கினேன். பெட்ரோல் மிச்சம்.’ ரெஸ்தெல்லி முட்டையை எடுத்து—

எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே நம்பிக்கை இல்லை.

இரண்டாம் வகை: தந்தி வரவில்லை.

இதை எழுத ஒரு வாக்கியம் போதும் என்பது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

குறிப்பேட்டில் எஞ்சியிருக்கும் வரியைச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 19, ஞாயிறு. ‘காற்று இல்லை. ஏரி கண்ணாடி.’ அதற்குப் பிறகு எல்லாப் பக்கமும் வெள்ளை.

அதாவது, போக வேண்டாம் என்று முடிவு செய்தவர் ஞாயிறு காலை ஏரியைப் பார்த்திருக்கிறார்.

9

காலை ஏழு மணி. மலைகள் தண்ணீரில் தலைகீழாக, ஒரு கோணல்கூட இல்லாமல் நின்றன. விமானம் படித்துறைக்குப் பக்கத்தில், பெட்ரோல் நிரம்பித் தாழ்ந்து கிடந்தது. நத்தாலே ஏறி உட்கார்ந்திருந்தான்.

ரெஸ்தெல்லி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “போன்னு நான் சொல்ல மாட்டேன்,” என்றார். “நேத்து முழுக்க யோசிச்சேன். போகாதேன்னு சொல்லவும் என்கிட்ட எண்ணு இல்ல.”

நத்தாலே எட்டிப் பார்த்தான். “அக்கா, படகுல ஏறு. இன்னைக்கு விடாது போல. நல்லாக் கலக்கணும்.”

“எஞ்சின் உறைமேல என்னடா அது?”

“கயிறு. நான்தான் சுத்தினேன். உன்னை மாதிரியே முனையைச் செருகிட்டேன்.”

“முடிச்சுப் போடலையா?”

“நீ போட்டியா?”

“பட்டுக்கு முடிச்சு வேணாம், கழுதை. கயித்துக்கு வேணும்.”

அவள் மிதவையில் ஏறி, தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு, கயிற்றை இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டாள். பிறகு இறங்கிப் படகுக்குப் போனாள்.

அவள் படகு முன்னால் போனால் ஏரி கலங்கும். ஏரி கலங்கினால் அவன் எழும்புவான். அவள் உட்கார்ந்திருந்தால் அந்தக் கனத்தோடு விமானம் தண்ணீரை விட்டு வராது. யாரும் யாருக்கும் உத்தரவு போட வேண்டியதில்லை. பிற்பகலில் தெற்குக் காற்று வந்து ஏரியைக் கலக்கும்வரை காத்திருந்தால் தீவை எட்டுமுன் இருட்டிவிடும்; குளிர்காலம் நெருங்குகிறது, இன்று விட்டால் பயணம் இந்த வருடத்துக்கு இல்லை.

எஞ்சின் ஓடுகிறது. படகின் கயிறு அவிழ்ந்துவிட்டது. இரண்டு துடுப்புகளும் தண்ணீருக்கு மேலே, சொட்டிக்கொண்டு.

நூற்று முப்பதுதான் சரி என்பது உங்களுக்குத் தெரியும். மேகத்தைப் பற்றி உங்களுக்கும் தெரியாது. நான் கதையிலிருந்து என் கையை எடுத்துவிட்டேன். மேசைமேல் முட்டையில் ஒரு நூலைச் சுற்றி, முனையை அடியில் செருகியிருக்கிறேன். தடவினால் கிடைக்கும்.

ஏரி இன்னும் கண்ணாடியாக இருக்கிறது.