நாலு இருமல்

என் தங்கை மூன்றாவது முறையாக இயற்பியல் செய்முறைத் தேர்வுக்கு வந்திருந்தாள். வயது முப்பத்தாறு. தேறினால், அவள் கூட்டித் துடைக்கிற மருத்துவமனையிலேயே எக்ஸ்ரே பிரிவில் பயிற்சி தருவார்கள். கோட்டைவிட்டால் ஆயுசுக்கும் துடைப்பம்தான். இதற்குமேல் வாய்ப்புக் கிடையாது.

அதே ஆய்வகத்தில் நான் பதினெட்டு வருஷமாக உதவியாளர். தேர்வு நேரத்தில் யாரிடமும் பேசக்கூடாது. இருமக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லையே! விடை எத்தனையோ அத்தனை இருமல் என்று வீட்டிலேயே பேசி வைத்திருந்தோம்.

சீட்டெடுத்ததில் அவளுக்கு இரண்டு கண்ணாடிச் சோதனை விழுந்தது. எழுபத்திரண்டு பாகைக் கோணத்தில் நிறுத்தி, இடையில் குத்திய குண்டூசிக்கு எத்தனை பிம்பம் என்று எண்ண வேண்டும். எனக்கு மனப்பாடம். முந்நூற்று அறுபதை எழுபத்திரண்டால் வகுத்து, ஒன்றைக் கழித்தால் நாலு. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த குடுவையையே திரும்பத் துடைத்தேன். அவளோ இடமும் வலமுமாகச் சாய்ந்து விரலை மடக்கினாள். ஐந்தும் மடங்கின. தாளில் ஐந்து என்று எழுதினாள். பாவி, கெடுத்தாளே!

நாலு முறை இருமினேன். முறைத்தாள். மறுபடியும் நாலு. கண்ணாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஐந்தை அடித்துவிட்டு நாலு போட்டாள்.

தேர்வாளர் வந்து தாளைப் பார்த்தார். ஓரமாகக் குனிந்து தானும் எண்ணினார்.

"அஞ்சுல்ல தெரியுது? ஊசி ரெண்டு கண்ணாடிக்கும் சரிநடுவுல இருந்தாதான் நாலு. ஓரமா போனா ஒண்ணு கூடும். இப்படி ஓரமா யாரு குத்துனது?"

நான்தான். ஒருவேளை இதுவே தங்கைக்கு விழுந்தால் பளிச்சென்று தெரியட்டுமே என்று காலையில் ஊசியைப் பிடுங்கிக் கண்ணாடியைத் துடைத்தேன். பிறகு கை போன இடத்தில் குத்திவிட்டேன்.

"ஏம்மா, சரியா எழுதிட்டு எதுக்கு அடிச்சீங்க?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "பயம் சார். என் கண்ணை நானே நம்பல."

'நான்தான் சார்' என்பது நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. வேலை போய்விடுமே என்ற பயம். வெட்கமாக இருந்தது.

"ஊசியைச் சரியா வெக்காதது எங்க தப்பு. இன்னொரு தடவை எண்ணுங்க" என்று அவர் புதுத் தாள் கொடுத்தார். கண்ணாடிகளை நூற்றிருபது பாகைக்கு அகற்றி, ஊசியை ஓரமாகவே விட்டார்.

வகுத்துக் கழித்தால் இரண்டு என்றது என் பாழும் மூளை. சும்மா கிட என்று அதை அதட்டினேன். அந்த நேரம் பார்த்து நிஜமாகவே தொண்டை கரகரத்தது. துடைக்கிற துணியை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன். முதலில் இரண்டு, அப்புறம் எத்தனையோ.

அவள் மேசை சன்னலோரம்தான். எட்டிப் பார்த்தேன். என் சத்தம் கேட்காமலா இருந்திருக்கும்? நிமிரவே இல்லை. மூன்று விரலை மடக்கினாள். மூன்று என்று எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்தாள்.