கையுறைக்குள் யார் கை

அந்தக் கை என் கை. டிவியில் அதைக் காட்டி "இந்தக் கையா நடுங்குது?" என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தபோது, நான் அதே கையால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

நான் சினிமாவில் எடிட்டர். பத்தொன்பது வருஷமாக ஒரே வேலை, வெட்டுவது, ஒட்டுவது. ஆட்டக்கார அண்ணன் என்னைக் 'கத்திரி' என்றுதான் கூப்பிடுவார். அந்த ஹீரோவை 'ஆட்டக்காரர்' என்று சொன்னால்தான் ஜனங்களுக்குத் தெரியும். அவர் ஆடினால் தியேட்டரில் நாற்காலி உடையும். அப்படிப்பட்டவருக்கு மூன்று வருஷத்துக்கு முன் வலது கை தானாக ஆட ஆரம்பித்தது. நரம்பு வியாதி. அண்ணிக்கும் டைரக்டருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

இரண்டு படங்களில் அதை மறைத்தேன். கை ஆடும் இடத்தில் முகத்துக்குத் தாவுவேன். முகமும் இறுகிப்போனால் எதிரே நிற்பவரின் முகத்துக்குத் தாவுவேன். எவனுக்கும் சந்தேகம் வரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

மூன்றாவது படத்தில் அவர் இதய டாக்டர். ஊசியைப் பிடித்துத் தையல் போடும் கையை மிக அருகில் காட்ட வேண்டும். இருபத்திரண்டு டேக் போயும் கை நிற்கவில்லை. "நிறுத்தணும்னு நினைச்சாத்தான் அதிகமா ஆடுது, கத்திரி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டைரக்டர் என் கையைப் பார்த்தார். ஆம்பளைக் கை மாதிரி தெரிய எனக்கு இரண்டு கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினார்கள். ரப்பர் இதயத்தில் நான் தைத்தேன். பதினோரு வினாடி.

அந்தப் பதினோரு வினாடியைத்தான் எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். 'கண் பேசும், இங்கே கை பேசுகிறது' என்று எழுதினார்கள். அண்ணனுக்கு விருது கிடைத்தது. என் வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்டினார். கட்டின புருஷனுக்கே பெண்டாட்டி கை அடையாளம் தெரியவில்லை.

இந்த வருஷம் அண்ணன் வியாதியை வெளியே சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல், அந்த வியாதிக்கான மருந்தை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தருவோம் என்ற கட்சிக்காகத் தேர்தல் விளம்பரத்திலும் பேசினார். முப்பது வினாடி விளம்பரம், நான்தான் எடிட்டிங். பழக்க தோஷம், கை வரும் இடமெல்லாம் முகத்துக்குத் தாவியிருந்தேன். அவர் ஒருமுறை பார்த்துவிட்டு, "இந்தத் தடவை வெட்டாத. ஆடுறது தெரியட்டும்" என்றார். வெட்டிய கையைத் திரும்பவும் ஒட்டினேன்.

விளம்பரம் வந்த மறுநாளே எதிர்க்கட்சிப் பேச்சாளர் பிடித்துக்கொண்டார். ஒரு பக்கம் விளம்பரம், இன்னொரு பக்கம் என் பதினோரு வினாடி. "கோடி ரூபா படத்துல கல்லு மாதிரி நிக்கிற கை, ஓட்டுக் கேட்கிறப்ப மட்டும் ஆடுதா? ஆட்டக்காரர் என்ன ஆட்டம் போடுறாரு பாருங்க!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

என் வீட்டுக்காரரும் சும்மா இருக்கவில்லை.

"அவர் நடிக்கிறார்னு நான் சொல்லல. ஆனா வியாதிக்காரரை முன்னால நிறுத்திட்டா யார் எதிர்த்துப் பேசறது? பேசினா ஈரமில்லாதவன். பரிதாபத்துல ஓட்டுப் போடச் சொல்றது நியாயமா?"

"வலி இருக்கிறவன் பேசாம வேற யாருங்க பேசறது?"

"பேசட்டும். ஆனா அந்தக் கட்சி சொல்றது நடக்குமான்னு நான் கேக்கக் கூடாதா? சரி, நீயே சொல்லு, படத்துல கை எப்படி நின்னுச்சு?"

நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வந்ததற்கு அது வசதியாக இருந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "நான் சொல்லிடறேண்ணே. அது என் கைன்னு."

"வேண்டாம்."

"உங்களைப் பொய்யன்னு சொல்றாங்க."

"சொல்லிட்டுப் போகட்டும். இனிமே எவன் என்னை நடிக்கக் கூப்பிடப்போறான்? அந்தப் படம் ஒண்ணுதான் மிச்சம். அதுலயும் கை என்னுது இல்லைன்னு ஆயிட்டா, அப்புறம் நான் என்னத்த நடிச்சேன்? விட்டுடு, கத்திரி."

விட்டேன், நான்கு நாள். ஐந்தாம் நாள் அண்ணி கூப்பிட்டார். மருந்துக் கடை வாசலில் ஒருவன் அண்ணனைப் பார்த்ததும் தன் கையை உதறி உதறி ஆட்டிக் காட்டினானாம். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்களாம். "மருந்தே வாங்காம வந்துட்டாரும்மா. கடைக்குப் போகவும் விட மாட்டேங்கறாரு. நாளன்னைக்குக் கட்சியோட கடைசிப் பிரசாரக் கூட்டம், வரலைன்னு சொல்லிட்டாரு. பாக்கெட்டுக்குள்ள விட்ட கையை வெளிய எடுக்கவே இல்லை. சாப்பிடறப்பகூட." அண்ணி அழவில்லை. அழுதிருந்தால் நான் ஆறுதல் சொல்லியிருப்பேன். அழாததால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆதாரமாகக் காட்டக்கூடிய, படத்தின் வெட்டாத காட்சிகள் தயாரிப்பாளர் வசம் இருந்தன. அவர் என் போனை எடுக்கவே இல்லை. சரி, காட்சி இல்லாவிட்டால் என்ன, கை என்னிடம்தானே இருக்கிறது என்று நினைத்தேன். அந்தப் பேச்சாளர் உட்காரும் மாலை டிவி விவாதத்துக்கு நானே போன் செய்து வருகிறேன் என்றேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

ஸ்டூடியோ எனக்குப் புதிதில்லை என்றுதான் நினைத்துப் போனேன். ஆனால் வாழ்நாள் முழுக்கக் கேமராவுக்குப் பின்னால், அதுவும் ஓர் இருட்டறைக்குள், ஒத்தையாக உட்கார்ந்தவள் நான். முன்னால் உட்கார்ந்ததே இல்லை. விளக்குகள் கண்ணில் அடித்தன. சட்டைக் கழுத்தில் மைக் மாட்டினார்கள். எதிரே பேச்சாளர் கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சொன்னேன். இருபத்திரண்டு டேக்கையும் இரண்டு கையுறையையும் ரப்பர் இதயத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நிகழ்ச்சி நடத்தும் பெண் வாய் பிளந்துவிட்டாள். பேச்சாளரின் சிரிப்பு ஒரு வினாடி நின்றது. அந்த ஒரு வினாடி எனக்கு இனித்தது.

"ஆதாரம்?" என்றார்.

இதற்காகத்தான் கைப்பையில் எல்லாம் கொண்டுபோயிருந்தேன். ஊசி, நூல், ஒரு துண்டு ரப்பர், இரண்டு ஜோடி கையுறை. "அதே மாதிரி தைச்சுக் காட்டறேன். பக்கத்துல அந்தக் காட்சியைப் போடுங்க" என்றேன். கையுறைகளை மாட்டிக்கொண்டேன். கேமரா என் கைக்கு அருகில் வந்தது. மேஜை மேல் இருந்த சிறிய திரையில் என் கையைப் பார்த்தேன்.

அது ஆடியது.

முதலில் விரல் நுனிதான். பயந்த கை அப்படித்தான் இருக்கும், இப்போது நின்றுவிடும் என்று ஊசியை இறுக்கிப் பிடித்தேன். மணிக்கட்டும் சேர்ந்துகொண்டது. நிற்க வேண்டும், இப்போது நிற்க வேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சினேன். ஊசி ரப்பரில் படாமல் காற்றில் குத்திக்கொண்டிருந்தது. இடது கையால் வலது கையை மேஜையோடு வைத்து அமுக்கினேன். இரண்டும் சேர்ந்து ஆடின.

பேச்சாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அம்மா, உங்களுக்கும் அதே வியாதியா? இல்ல, ஒரே வாத்தியார்கிட்ட நடிப்புப் படிச்சீங்களா?"

நிகழ்ச்சி நடத்தும் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "சரி, இந்தம்மா சொல்றது நிஜம்னே வச்சுக்குவோம்" என்று அவர் தொடர்ந்தார். "அப்ப விருது வாங்கினதும் பொய்தானே? மூணு வருஷம் நம்ம எல்லாரையும் ஏமாத்தின ஆள், இப்ப மட்டும் உண்மை பேசறாரா?"

மூன்று வருஷமாக அவரை நம்பும்படி வெட்டி ஒட்டியவள் நான். யாரும் இனி அவரை நம்பாதபடி செய்தவளும் நானே. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் அண்ணனின் விருதையும் சேர்த்துத் தாரை வார்த்துவிட்டு வந்தேன்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து கையுறையைக் கழற்ற முயன்றேன். முதலாவது வந்தது, இரண்டாவது வியர்வையில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. போன் அடித்தது. அண்ணன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"என் படத்தையும் வெட்டிட்டியே, கத்திரி" என்றார்.

"அண்ணே..."

"வேண்டான்னு சொன்னேன்ல."

நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை, போனையும் வைக்கவில்லை. அழுகை ஓய்ந்ததும், "இன்னும் ஆடுதா?" என்று கேட்டார்.

"ஆமா."

"இன்னொரு கையால அமுக்கிக்கிட்டா இருக்கே?"

கீழே பார்த்தேன். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, இடது கையால் வலது கையை முழங்காலில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஆமாண்ணே."

"எடுத்துடு. எனக்கு அதைக் கத்துக்கவே ஒரு வருஷம் ஆச்சு."

எடுத்தேன். கையுறையோடு என் கை முழங்கால் மேல் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. படியேறி வந்த ஒரு பெண்மணி அதைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கொஞ்சம் ஒதுங்கிப் போனாள்.